நாமக்கல்லுக்கு வந்த மூலக்கோழி

ஃபின்லாந்துக்காரி ஐனோ காரிலிருந்து இறங்கியபோது கோகிலவாணி பண்ணை வாசலில் மாலையோடு நின்றாள். மாலையை யாருக்குப் போடுவது என்பதில்தான் குழப்பம். ஐனோவுக்கா, ஐனோ கையிலிருந்த கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்த வெள்ளைக் கோழிக்கா?

புருஷன் குழந்தைவேலு முழங்கையால் இடித்தான். "கோழிக்குப் போடு. அதுதான் ஆபீசர். அந்தம்மா சும்மா கூட வந்தவங்க."

கோகிலவாணி பெட்டிக்கு மாலை போட்டாள். கோழி ஒரு சாமந்தியைக் கொத்திப் பார்த்துவிட்டுத் துப்பியது.

ஐனோவின் கழுத்துப்பட்டியில் பொத்தான் அளவுக்கு ஒரு மொழிபெயர்ப்புக் கருவி. அவள் ஏதோ முணுமுணுத்தாள். பொத்தான் கணீரென்று முழங்கியது: "வணக்கம். தங்கள் வரவேற்பால் உள்ளம் பூரிக்கிறேன். இவர் மூலக்கோழி. அருள்கூர்ந்து இவரைத் தீண்டாதீர்கள்."

குழந்தைவேலு மனைவியின் காதில் கிசுகிசுத்தான். "பாவம், கோழிக்கெல்லாமா மூலம் வருது?"

பக்கத்தில் நின்றிருந்த பண்ணையின் கால்நடை மருத்துவர் பெனாசிர் சிரிப்பை மறைக்க இருமினாள். குழந்தைவேலு எந்தக் கூட்டத்துக்கும் போனதில்லை, எந்தச் சுற்றறிக்கையையும் படித்ததில்லை. ஷெட்டுக்குப் போகிற வழியில் அவனுக்கு விளக்குவது பெனாசிரின் தலையில் விழுந்தது.

"உலகத்துல இருக்கற அத்தனை பண்ணைக் கோழிக்கும் கொண்டைக்குக் கீழ சிப்பு வச்சிருக்கோம்ல? கோழி எவ்வளவு நிம்மதியா இருக்குன்னு அது நம்பர் சொல்லும். அது தெரியும்ல அண்ணே?"

"தெரியும். நம்முளது அறுபத்தொண்ணு."

"அறுபதுக்குக் கீழ போயிட்டா நம்ம முட்டை எந்த நாட்டுக்கும் போகாது. அது ஒப்பந்தம். ஆனா நூறுன்னா எவ்வளவு சந்தோசம்? அதை யார் சொல்றது? ஒவ்வொரு நாட்டுக்காரனும் எங்க கோழிதான் நூறுல இருக்குன்னான். வருசக்கணக்கா மாநாடு போட்டு அடிச்சுக்கிட்டாங்க. கடைசியில பொதுவா ஒரே ஒரு கோழியை எடுத்துக்கிட்டாங்க. அது வாழ்க்கையில அதிகபட்சம் எவ்வளவு சந்தோசமா இருந்திருக்கோ, அதுதான் உலகத்துக்கே நூறு. முன்னெல்லாம் ஒரு மீட்டர்னா இவ்வளவுன்னு காட்ட உலோகக் கம்பி ஒண்ணைப் பூட்டி வச்சிருந்தாங்களே, அந்த மாதிரி."

"கம்பி முட்டை போடாதே."

"போடாது. இது போடும்."

"அப்ப இது இங்க எதுக்கு?"

"ஒவ்வொரு பண்ணையிலயும் அதைக் கொஞ்ச நாள் விட்டுப் பாப்பாங்க. நம்ம கூண்டுல, நம்ம கோழிகளோட கோழியா. அதோட நம்பர் அறுபதுக்குக் கீழ இறங்குனா நம்ம கதை முடிஞ்சுது."

குழந்தைவேலு ஷெட்டை அண்ணாந்து பார்த்தான். எண்ணாயிரம் கோழிகள், அடுக்கு அடுக்காய்க் கூண்டுகள், ஒரு கூண்டுக்கு நான்கு. இத்தனை வருஷமாக அவன் கண்ணுக்கு அது கோழிப்பண்ணையாகத்தான் தெரிந்தது. இப்போது முதல் தடவையாக, ஆபீசர் கோழியம்மா இங்கே எப்படிப் படுப்பார் என்று கவலை வந்தது.

கவலை நியாயமானதுதான். மூலக்கோழியை மூன்று கோழிகளோடு கூண்டில் வைத்ததுமே எண் எழுபத்திரண்டிலிருந்து வழுக்க ஆரம்பித்தது. மறுநாள் காலையில் அறுபத்துநான்கு. ஐனோ கையிலிருந்த மின்திரைப் பலகையில் எண்ணைப் பார்ப்பதும் கோழியைப் பார்ப்பதுமாக, கூண்டுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். ஏற்றுமதிதான் கோகிலவாணிக்குப் பிழைப்பு. அது நின்றால் ஷெட்டும் நிற்கும், அதை நம்பியிருக்கிற பன்னிரண்டு குடும்பமும் நிற்கும்.

மதியம் ஐனோவைச் சாப்பிடக் கூப்பிட்டாள். கோழிகளுக்காக ஊர் ஊராய்ப் போகிறவள் முட்டை சாப்பிடுவாளோ மாட்டாளோ என்று தயங்கி, ஓரமாக ஒரே ஒரு கலக்கி வைத்தாள். ஐனோ அந்தப் பாதி வெந்த முட்டையை ஒரு வாயில் விழுங்கிவிட்டு, கண்ணை மூடி, ஏதோ சொன்னாள்.

"இஃது என்ன அமுதம்?" என்றது பொத்தான்.

கோகிலவாணி இன்னொன்று ஊற்றினாள். அப்படியே பேச்சையும் விட்டுப் பார்த்தாள். "மத்த நாட்டுல எல்லாம் எப்படிங்க மேடம் பாஸ் பண்றாங்க?"

"எளிது. இவருக்குப் பழகிய தீவனம், பழகிய விளக்கு, பழகிய குளிர். இவர் வருவதற்கு முன்பே தனிக் கூண்டு ஆயத்தமாக இருக்கும். எழுபதுக்கு மேல் வரும். நான் ஒப்புதல் அளிப்பேன்."

"அங்க இருக்கற மத்த கோழிகளுக்கும் அதே கூண்டுங்களா?"

ஐனோ தட்டைப் பார்த்தபடியே பேசினாள். "அந்த வினாவை எங்கள் தலைமையகத்தில் எவரும் எழுப்புவதில்லை," என்றது பொத்தான். பிறகு, கேட்காமலேயே, "ஆறு ஆண்டுகளாக இவரோடு பயணிக்கிறேன். எனக்கு வீடு கிடையாது. இவருக்கும் கிடையாது."

"கலியாணம்?"

"விமான நிலையத்தில் ஒருவரைக் கண்டேன். கோழியா நானா என்று கேட்டார்."

கோகிலவாணி மூன்றாவது கலக்கி ஊற்றினாள். இதற்கு வேறென்ன சொல்வது?

இந்த நேரத்தில் ஷெட்டில் குழந்தைவேலு ஒரு காரியம் செய்தான். எண் அறுபத்தொன்றுக்கு வந்துவிட்டது. ஸ்டூலில் கிடந்த பலகையில் அது சிவப்பாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் வெளியே விட்டால் காற்றாட நடந்து மனசு மாறும், அந்தம்மா சாப்பிட்டு வருவதற்குள் திரும்பப் போட்டுவிடலாம் என்று கூண்டைத் திறந்தான். மூலக்கோழி அவன் கையைக் கொத்தியது. அவன் உதறினான். அது றெக்கையை அடித்துக்கொண்டு அவன் தலைக்கு மேலே போய், ஷெட் வாசலைத் தாண்டி, காணாமல் போனது.

குழந்தைவேலு போட்ட சத்தத்தில் கோகிலவாணியும் ஐனோவும் பெனாசிரும் ஓடி வந்தார்கள். ஐனோவின் வாயோரம் இன்னும் மிளகு ஒட்டியிருந்தது. அவள் கத்தினாள். பொத்தான் அதே நிதானத்தோடு, "ஐயகோ," என்றது.

தீவன அறையில் தேடினார்கள், லாரிக்கு அடியில் தேடினார்கள். அப்போது ஐனோ ஸ்டூலிலிருந்து எடுத்து வந்த பலகை பீப்பீ என்று கத்த ஆரம்பித்தது. எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். எழுபது. தொண்ணூறு. நூறு. பிறகு நூற்று நாற்பது. ஐனோ பலகையைக் கையால் தட்டினாள், உதறினாள். இருநூறு. இருநூற்று அறுபது.

"ஏனுங்க, நூறுதானே கடைசி?" என்றான் குழந்தைவேலு.

பெனாசிர்தான் முதலில் பார்த்தாள். பண்ணைக்குப் பின்னால், ஜவ்வரிசி தயாரிக்கிற சேகோ ஆலை பாய்லரிலிருந்து வந்த சாம்பலைக் கொட்டி வைத்திருந்த குப்பைமேடு. அதன் உச்சியில் உலகத்தின் ஒரே மூலக்கோழி மல்லாந்து கிடந்தது. ஒரு றெக்கையை விரித்து, சாம்பலை அள்ளி அள்ளி மேலே போட்டுக்கொண்டு, கால்களை உதைத்து, கண்கள் சொருக, கழுத்தைத் தரையில் தேய்த்துப் புரண்டது. வெள்ளைக் கோழி சாம்பல் கோழியாகியிருந்தது. அதன் தொண்டையிலிருந்து, கெட்டிலில் தண்ணீர் கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம்.

"வலிப்பா டாக்டர்?" என்றாள் கோகிலவாணி.

"இல்லக்கா. குளிக்குது. கோழி இப்படித்தான் குளிக்கும். மண்ணு கிடைச்சா."

ஐனோ குப்பைமேட்டின் அடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "இவர் பிறந்தது முதல் கண்ணாடி அறையில் வளர்ந்தார்," என்றது பொத்தான். "தூசு பட்டால் அளவு பிழைபடும் என்று விதி."

எண் முந்நூறில் போய் நின்றது.

கோழியின் சந்தோஷத்தோடு அது முடிந்திருந்தால் நல்ல செய்தி. ஆனால் அது அதிகபட்சமாக அடைந்த சந்தோஷம் எவ்வளவோ, அதுதான் உலகத்துக்கு நூறு. கருவிகள் எல்லாம் தாமாகவே சரிசெய்துகொள்ளும்படி செய்யப்பட்டவை. நேற்றுவரை நூறாக இருந்தது இப்போது முப்பத்துமூன்றாகச் சுருங்கியது. பொழுது சாய்வதற்குள், உலகத்தில் ஒரு பண்ணைகூட அறுபதைத் தொடவில்லை. மாநாட்டில் மார்தட்டிய நாடுகளின் மாதிரிப் பண்ணைகள் முப்பதில் கிடந்தன. துறைமுகங்களில் முட்டைக் கப்பல்கள் நின்றன. ஏதோ ஒரு தலைநகரில் கேக் கடைக்காரர்கள் ஊர்வலம் போனார்கள். ஒரு பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி, தன் நாட்டுக் கோழிகளைக் கொச்சைப்படுத்தப் பார்க்கும் அன்னிய சக்திகளைக் கண்டித்தார்.

கோகிலவாணியின் பண்ணைக்கு இருபது. பக்கத்துப் பண்ணைக்காரர்கள் கேட்டில் வந்து கத்தினார்கள்.

"உன்ற வீட்டுக் குப்பையால உலகமே நாறுது கோகிலா!"

உள்ளே அவள் ஐனோவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மேடம், ஒரே ஒரு வார்த்தை. கோழிக்கு உடம்பு சரியில்ல, அந்த நம்பர் தப்புன்னு சொல்லிடுங்க. எல்லாம் பழையபடி ஆயிரும். யாருக்கும் நட்டமில்ல."

ஐனோ ஜன்னல் வழியே குப்பைமேட்டைப் பார்த்தாள். கோழி இன்னும் அங்கேதான் கிடந்தது. யாருக்கும் அதை எடுக்க மனசு வரவில்லை.

"இவர் நலமாக இருக்கிறார்," என்றது பொத்தான். "ஆறு ஆண்டுகளாக நான் எழுதிய எண்கள்தாம் நோயுற்றவை. பழகிப்போனதை நான் மகிழ்ச்சி என்று எழுதினேன். இதற்கு மேலும் பொய் எழுத இயலாது அம்மா."

அவள் உண்மையையே தலைமையகத்துக்கு அனுப்பினாள். பதில் உடனே வந்தது. அதை அவள் வாசிக்க, பொத்தான் செய்தி வாசிக்கிற குரலில் சொன்னது: "மூலக்கோழி அளவுத் திறனை இழந்துவிட்டது. இதன் பதிவு நீக்கப்படுகிறது. பழைய அளவே தொடரும். புதிய மூலக்கோழி முற்றிலும் மூடிய அறையில் பேணப்படும். விதிப்படி, சேதமடைந்த அளவுகோல் உலகில் நீடிக்கலாகாது. உயரதிகாரி ப்ரூனோ நாளை நேரில் வந்து அதனை வலியின்றி நிறைவு செய்வார்."

"நிறைவு செய்வார்னா?" என்றான் குழந்தைவேலு. "சந்தோசமா வச்சுக்குவாருங்களா?"

"கொல்லுவாங்கண்ணே," என்றாள் பெனாசிர்.

கோகிலவாணி கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. பழைய அளவு வந்தால் பண்ணை மறுபடி அறுபத்தொன்று. வாயை மூடிக்கொண்டு ஒரு நாள் உட்கார்ந்திருந்தால் போதும். முட்டை குறைந்த கோழிகளைக் கறிக்கடை வண்டியில் ஏற்றி அனுப்புவது அவளுக்கு மாசா மாசம் நடக்கிற வேலை. அதற்கெல்லாம் அவள் ஒரு நாளும் கண் கலங்கியதில்லை.

"அதெப்படி?" என்றாள் திடீரென்று. "என்ற வீட்டுக்கு வந்த விருந்தாளி அது. மாலை போட்டுக் கூட்டியாந்தேன். சோகமா இருந்துச்சுன்னு கொன்னாக்கூட ஒரு நியாயம் இருக்கு. சந்தோசமா இருந்துச்சுன்னு கொல்லுவாங்களா? எந்த ஊரு சட்டமுங்க இது?"

"கோகிலா, நமக்கெதுக்கு," என்று ஆரம்பித்தான் குழந்தைவேலு.

"நீங்க பேசாதீங்க. கூண்டைத் திறந்து விட்டது யாரு?"

அவன் கோழி கொத்திய கையைத் தடவிக்கொண்டான்.

ஒளித்து வைக்க இடம் தேட வேண்டியதில்லை. எண்ணாயிரம் வெள்ளைக் கோழிகள் ஷெட்டில் இருக்கின்றன. கழுவி உள்ளே விட்டால் அதுவும் ஒன்று. செத்துப்போன ஒரு கோழியின் சிப்பை எடுத்து இதற்கு வைத்துவிடலாம் என்றாள் பெனாசிர். ஐனோதான் முடியாது என்று தலையை ஆட்டினாள்.

"ப்ரூனோ பழைய அளவோடு கருவி கொண்டு வருவார். தங்கள் கோழிகள் அறுபத்தொன்றில் இருக்கும். இவர் முந்நூறில் இருப்பார். ஒருமுறை இவ்வளவு மகிழ்ந்த கோழிக்கு அது இறங்க வாரங்கள் ஆகும். கருவியை நீட்டிய மறுகணம் கண்டுபிடிப்பார்."

கேட்டில் கூட்டம் இன்னும் கத்திக்கொண்டிருந்தது.

"அப்ப எல்லாமே முந்நூறுல இருந்தா?" என்றாள் கோகிலவாணி.

மறுநாள் விடிந்ததும் பன்னிரண்டு குடும்பத்து ஆட்களும் வந்தார்கள். சேகோ ஆலையிலிருந்து டிராக்டர் டிராக்டராகச் சாம்பல் வந்தது. மரவள்ளி பிடுங்கிப் போட்ட காலி வயலில் அதைக் கொட்டினார்கள். சுற்றிலும் வலை கட்டினார்கள். பெனாசிர் சிப்பை மாற்றினாள். பிறகு குழந்தைவேலு ஒரு முனையிலிருந்தும் கோகிலவாணி மறுமுனையிலிருந்தும் கூண்டுகளைத் திறந்துகொண்டே வந்தார்கள்.

எல்லாக் கதவும் திறந்தாயிற்று. ஒரு கோழிகூட வெளியே வரவில்லை.

கதவு திறந்திருந்தது. கோழிகள் அந்தத் திறப்பைப் பார்த்தபடி நின்றன. ஒன்று கழுத்தை வெளியே நீட்டிவிட்டு, சுட்டுவிட்டது போல உள்ளே இழுத்துக்கொண்டது. கோகிலவாணி "பா... பா... பா..." என்று கூப்பிட்டாள். தீவனத்தை இறைத்தாள். எண்ணாயிரமும் அசையவில்லை.

"இதுங்களுக்கு நடக்கணும்னே தோணலியே," என்றாள்.

ஐனோ போய் மூலக்கோழியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஷெட் வாசலில் ஒரு கூடை சாம்பலைக் கொட்டி அதன் மேல் விட்டாள். கோழிக்கு ஷெட்டும் தெரியவில்லை, கூட்டமும் தெரியவில்லை. தொப்பென்று சரிந்து குளிக்க ஆரம்பித்தது.

கீழ் வரிசையிலிருந்து ஒரு கோழி விழுந்தது. அதை இறங்கியது என்று சொல்ல முடியாது, விழுந்தேவிட்டது. எழுந்து நின்று, காலுக்குக் கீழே கம்பி இல்லாததை நம்ப முடியாமல், ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கிப் பார்த்தது. பிறகு தத்தித் தத்திப் போய் மூலக்கோழிக்குப் பக்கத்தில் சரிந்தது. அடுத்து இரண்டு. அப்புறம் பத்து. அதற்கப்புறம் யாராலும் எண்ண முடியவில்லை. மேல் வரிசைக் கோழிகள் குழந்தைவேலுவின் தலைமேலும் தோள்மேலும் இறங்கிக் குதித்து ஓடின.

மத்தியானம் அந்த வயலுக்கு மேலே சாம்பல் மேகமே நின்றது. கேட்டில் கத்திக்கொண்டிருந்த பக்கத்துப் பண்ணைக்காரர்கள் கத்துவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் மெதுவாக, "அந்தச் சாம்பலு இன்னும் கிடைக்குமுங்களா?" என்று கேட்டார்.

கோயம்புத்தூர் விமான நிலையத்திலிருந்து ப்ரூனோ வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. உயரமான மனிதர், வெளிர்நீலக் கோட்டு, தலையில் தொப்பி. அவருடைய கழுத்துப் பொத்தான் இன்னும் உயர்ந்த ரகம் போலும். "அம்மையீர், அளவுகோலை ஒப்படைப்பீராக," என்றது.

"தப்பிச்சுப் போயிருச்சுங்க சார்," என்றாள் கோகிலவாணி. "இதுக்குள்ளதான் எங்கயோ இருக்கோணும். பாத்து எடுத்துக்குங்க."

அவர் புன்னகையோடு கருவியை நீட்டிக்கொண்டு வயலில் இறங்கினார். முதல் கோழி இருநூற்றுத் தொண்ணூறு. "இதோ!" என்று பாய்ந்து பிடித்தார். கையில் பிடித்தபடியே பக்கத்துக் கோழியிடம் கருவியைக் காட்டினார். முந்நூற்றுப் பத்து. முதல் கோழியை விட்டுவிட்டு அதைப் பிடித்தார். அதற்கடுத்தது முந்நூற்று முப்பது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோது அவர் ஒரே வட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தார். கோட்டின் நிறம் மாறியிருந்தது. கோழிகள் அவருக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன. சாம்பலைக் கிளறிக்கொண்டு போகிற பெரிய கால்கள் அவற்றுக்குப் பிடித்துப்போயின.

கடைசியில் வரப்பில் வந்து உட்கார்ந்தார். கருவியை அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தார். கழற்றி வைத்த தொப்பிக்குள் ஒரு கோழி ஏறி அமர்ந்து, முட்டையிட்டுவிட்டுக் கொக்கரித்தது.

"ஐனோ," என்றார். இருவரும் அவர்களுக்குப் பொதுவான ஏதோ மொழியில் கொஞ்ச நேரம் பேசினார்கள். பொத்தான்கள் இரண்டும் ஒரே நேரத்தில் மொழிபெயர்க்க முயன்று ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. அவர் எழுந்து, முட்டையை வெளியே எடுத்துக் கோகிலவாணியிடம் கொடுத்துவிட்டு, தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு காரில் ஏறினார்.

"என்னங்க சொன்னாரு?"

"அளவுகோல் தொலைந்தது என்று எழுதுகிறாராம். புதிய மூலக்கோழியோடு அடுத்த வாரம் நான் கிளம்ப வேண்டுமாம். அதற்குச் சன்னல்கூட இல்லாத பெட்டி." ஐனோ காரின் புழுதி அடங்கும்வரை பார்த்தாள். "வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்."

மறுநாள் பழைய அளவு திரும்ப வந்தது. கப்பல்கள் கிளம்பின, கேக்குகள் வெந்தன, பிரதமர் வெற்றி பெற்றதாக அறிவித்தார். கோகிலவாணி பண்ணை பழைய கணக்கில் பாஸ். கூண்டில் அடைத்த பிறகு அறுபத்தொன்றுக்கே இறங்கினாலும் பாஸ்தான்.

சிக்கல் முட்டையில்தான். கோழிகள் கண்ட இடத்தில் முட்டையிட்டன. டிராக்டர் சீட்டில், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், குழந்தைவேலுவின் கழற்றிப் போட்ட ஷூவுக்குள். ஆட்கள் நாள் முழுக்கத் தேடியும் பாதிகூடத் தேறவில்லை. குழந்தைவேலு கூடைகளையும் ஆட்களையும் திரட்டிக்கொண்டு வயலோரம் வந்தான்.

"போதும் கோகிலா. புடிச்சு உள்ள போட்டுரலாம். மூலக்கோழியை மட்டும் தனியா எடுத்து இந்தம்மாகிட்டக் குடுத்துரு."

கோகிலவாணி பெனாசிரைப் பார்த்தாள். "அதுக்கு எந்த நம்பர் சிப்பு வச்சீங்க?"

"குறிச்சு வைக்கலக்கா. குறிச்சு வச்சா மாட்டிக்குவோம்னு."

ஐனோ வயலுக்குள் போனாள். ஆறு வருஷம் மடியில் வைத்துச் சுமந்த கோழி, கண்ணை மூடிக்கொண்டே அடையாளம் காட்டுவேன் என்றுதான் நினைத்திருந்தாள். எல்லாம் சாம்பல் நிறம். எல்லாம் கண் சொருகிக் கிடந்தன. அவளுக்கு மட்டுமே தெரிந்த ஒரு சத்தத்தை நாக்கால் எழுப்பினாள். ஒரு முப்பது நாற்பது கோழிகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குளிக்கப் போயின. அவள் திரும்பி வந்து கையை விரித்தாள்.

"சரி, போனாப் போகுது," என்றான் குழந்தைவேலு. "எல்லாத்தையும் அடைச்சுருங்கடா."

ஆட்கள் கூடையோடு இறங்கினார்கள். கோகிலவாணி குறுக்கே போய் நின்றாள்.

"இருங்க," என்றாள். "அதுல ஒண்ணு அவளா இருந்துட்டா?"

"ஒண்ணுதானே கோகிலா. மிச்சமெல்லாம் நம்மூட்டுக் கோழிதானே?"

"அதுதான் எதுன்னு தெரியலியே." முன்னால் இருந்தவன் கையிலிருந்த கூடையை வாங்கிக் கவிழ்த்து வைத்து அதன் மேல் உட்கார்ந்தாள். "தெரியறவரைக்கும் ஒண்ணையும் தொடாதீங்க. போய் முட்டையைத் தேடுங்க."